மலையிலிருந்து பவளத்திட்டுக்கு: கொடைக்கானல் பக்கத்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பழனி மலையில் வாழும் நமக்கு மன்னார் வளைகுடா ஒரு பகல் பயணத்தில் எட்டும் கடல். வத்தலக்குண்டு, மதுரை, ராமநாதபுரம் கடந்தால் மண்டபம் வந்துவிடும். ஆனாலும் பவளத்திட்டை நேரில் பார்க்க ஆசைப்படும் நம் ஊர்க்காரர்களிடம் ஒரே வகையான சந்தேகங்கள் திரும்பத் திரும்ப எழுகின்றன. கடற்கரை ஊர்களில் இருப்பவர்களுக்குத் தேவைப்படாத சில பதில்களும் நமக்கு வேண்டியிருக்கின்றன. முக்குளித்துவிட்டு நாம் திரும்பிப் போவது 2,100 மீட்டர் உயரத்துக்கு. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்திருக்கிறேன். பத்தாவது கேள்வியை மட்டுமாவது தயவுசெய்து யாரும் தாண்டிப் போகாதீர்கள்.

1. பவளம் என்பது கல்லா, செடியா, பூச்சியா? ஆளுக்கொன்று சொல்கிறார்களே?

பவளம் ஒரு விலங்கு. பாலிப் எனப்படும் மிகச் சிறிய உயிர்கள் சுண்ணாம்பைச் சுரந்து கூடு கட்டி, கூட்டமாக வாழ்கின்றன. பாறைபோலத் தெரிவது தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த அந்தக் கூடுகள்தான். மேலே போர்த்தியிருக்கும் மெல்லிய தோல் மட்டுமே உயிருள்ள பகுதி. அந்தத் தோலுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை வெயிலைக் கொண்டு தயாரிக்கும் உணவில் பெரும்பங்கு பவளத்துக்குப் போய்ச் சேருகிறது. பவளத்தின் நிறமும் பெரும்பாலும் அந்தப் பாசி தருவதுதான்.

வெயில் எட்ட வேண்டும் என்பதால்தான் பவளத்திட்டுகள் ஆழமில்லாத, தெளிந்த கடலில் வளர்கின்றன. மன்னார் வளைகுடாவில் அவற்றில் பெரும்பாலானவை அரை மீட்டரிலிருந்து 4 மீட்டர் ஆழத்துக்குள்ளேயே இருக்கின்றன. பார்க்க வருகிறவர்களுக்கு இது வசதி. பவளத்துக்கு இதுவே ஆபத்து: நம் கால் எட்டும் தூரத்தில் அது வாழ்கிறது.

2. எங்கே போனால் பார்க்கலாம், அக்கா? தீவுகளுக்கு யார் வேண்டுமானாலும் போகலாமா?

போக முடியாது. தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையில் உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986 முதல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறையின் அனுமதி இல்லாமல் அந்த எல்லைக்குள் இறங்குவது குற்றம். படகுக்காரர் யாராவது "நான் பார்த்துக்கொள்கிறேன், வாருங்கள்" என்று அழைத்தாலும் ஏறாதீர்கள். கண்ணாடித் தளப் படகு, சூழல் சுற்றுலா ஆகியவற்றில் அப்போது எவை நடக்கின்றன என்று ராமநாதபுரத்திலோ மண்டபத்திலோ உள்ள வனத்துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டுத் திட்டமிடுங்கள். மண்டபம், ராமேசுவரம் பகுதியின் வடகரையை ஒட்டிப் பாக் விரிகுடாப் பக்கம் ஒரு ஆழமற்ற பவளத்திட்டு நீள்கிறது. அங்கும் எங்கே இறங்கலாம் என்று கேட்ட பிறகே இறங்க வேண்டும்.

காற்று உருளையோடு முக்குளிக்க (அதுதான் ஸ்கூபா) விரும்புகிறவர்கள் பெரும்பாலும் அந்தமான், லட்சத்தீவு, கர்நாடகத்தில் முருதேசுவரம் அருகே உள்ள நேத்ராணி தீவு ஆகிய இடங்களுக்குப் போகிறார்கள். லட்சத்தீவுக்குள் நுழைய இந்தியர்களுக்கும் முன் அனுமதி வேண்டும். கப்பல் கொச்சியிலிருந்து கிளம்புகிறது.

3. மலையில் பிறந்து வளர்ந்தவன் நான். நீச்சல் தெரியாது. வரலாமா?

வரலாம். அறிமுக முக்குளிப்பில் பயிற்றுநர் உங்களைப் பிடித்தபடியே கூட்டிப்போவார். பல இடங்களில் அதற்கு நீச்சல் கேட்பதில்லை. முழுச் சான்றிதழ்ப் பயிற்சி என்றால் 200 மீட்டர் நீந்துவதும் 10 நிமிடம் மிதப்பதும் பொதுவான நிபந்தனை. சிறுவர்களுக்குக் குறைந்தபட்ச வயது 10.

ஆனாலும் என் ஆலோசனை, கோடை விடுமுறையில் மதுரையிலோ திண்டுக்கல்லிலோ ஒரு நீச்சல் குளத்தில் அடிப்படையைக் கற்றுக்கொண்டு வாருங்கள் என்பதே. நீந்தத் தெரியாதவர் பயந்தால் முதலில் தேடுவது கால் ஊன்ற ஓர் இடம். ஆழமில்லாத திட்டில் அந்த இடம் பவளமாகத்தான் இருக்கும். கட்டிப் பவளங்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் வளர்கின்றன. ஒரு மிதியில் நொறுங்குவது உங்கள் வயதைவிட மூத்ததாக இருக்கலாம்.

4. ஸ்கூபா செய்தால்தான் சரியாகத் தெரியுமா? மூச்சுக்குழல் போதாதா?

மன்னார் வளைகுடா போன்ற ஆழமற்ற திட்டுக்கு முகமூடியும், வாயில் கவ்வி மேலிருக்கும் காற்றைச் சுவாசிக்கும் மூச்சுக்குழலுமே (ஸ்நார்க்கெல்) போதும், அதுவே சிறந்தது என்றும் சொல்வேன். மேலே மிதந்துகொண்டு கீழே பார்க்கும்போது வெயில் முழுதாக இறங்குகிறது. தண்ணீர் முதலில் விழுங்கும் நிறம் சிவப்பு. 5 மீட்டருக்குக் கீழே போகப் போகச் சிவப்பெல்லாம் பழுப்பாகிவிடும். 2 மீட்டர் ஆழத்தில் இருக்கும் பவளம் அதன் உண்மையான நிறத்தில் தெரியும். மிதவை அங்கி அணிந்துகொண்டால் நீச்சல் சரியாக வராதவர்களும் நிம்மதியாகப் பார்க்கலாம், காலும் கீழே போகாது.

மலைக்காரர்களுக்கு இதில் இன்னொரு பெரிய வசதியும் இருக்கிறது. அதை 10ஆம் கேள்வியில் சொல்கிறேன்.

மூச்சுக்குழலோடு இருக்கும்போது ஆழம் போக வேண்டும் என்று வேகவேகமாக மூச்சை இழுத்து விட்டுவிட்டு முங்காதீர்கள். அப்படிச் செய்தால் உடலில் கரியமில வாயு குறைந்துவிடும். மூச்சு முட்டுகிறது என்ற எச்சரிக்கையே வராமல் நீருக்குள் நினைவு தப்பும். நன்றாக நீந்தத் தெரிந்த இளைஞர்கள்தான் இதற்குப் பலியாகிறார்கள்.

5. காது வலிக்குமா? காட் ரோட்டில் இறங்கும்போதே எனக்குக் காது அடைத்துக்கொள்கிறது.

அதே காரணம்தான் கடலிலும், ஆனால் அளவு வேறு. கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டு வரை மலைப்பாதை முழுவதும் இறங்கும்போது காது சந்திக்கும் அழுத்த மாற்றம், கடலில் ஏறத்தாழ 2 மீட்டர் இறங்குவதற்குச் சமம். பாதையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும் மாற்றம் தண்ணீரில் சில நொடிகளில் நடந்துவிடும்.

ஆகவே வலி வரும்வரை காத்திருக்காமல், தலை நனைந்த உடனே மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்லக் காற்றை ஊதிக் காதைத் திறந்துவிட வேண்டும். ஒவ்வொரு அரை மீட்டருக்கும் இப்படிச் செய்யுங்கள். திறக்கவில்லை என்றால் சற்று மேலே வந்து மீண்டும் முயலுங்கள், பலமாக ஊதக்கூடாது. சளி பிடித்திருந்தால் அன்று நீருக்குள் போகவே வேண்டாம். மூக்கடைப்பு மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கினால், கீழே இருக்கும்போது மருந்தின் வேகம் தீர்ந்து, மேலே வரும்போது காற்று வெளியேற வழியில்லாமல் காது பாழாகலாம். குளிர்காலத்தில் நம் ஊரில் பாதிப் பேருக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

6. கண்ணாடி போடுகிறவர்கள் என்ன செய்வது?

பார்வைக் குறைபாட்டுக்கு ஏற்ற வில்லை பொருத்திய முகமூடிகள் கிடைக்கின்றன. உங்கள் கண்ணாடி எண்ணை முன்கூட்டியே சொல்லி ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள்.

7. அங்கே அப்படி என்னதான் இருக்கிறது? மீன்தானே?

மன்னார் வளைகுடாவில் நூற்றுக்கு மேற்பட்ட பவள இனங்களைப் பதிவு செய்திருக்கிறார்கள். மான்கொம்பு போல் கிளைத்தவை, மூளையின் மடிப்புகள் போன்றவை, மேசை போல் விரிந்தவை என்று ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. ஆனால் உயிர்களின் பெயரைச் சொல்லிக்கொண்டு போவதைவிட, எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்வது உங்களுக்கு உதவும். ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்துக் கொண்டு அசையாமல் பத்து நிமிடம் மிதந்து பாருங்கள். முதல் நிமிடத்தில் ஒளிந்தவை எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வரும்.

கிளிமீன் பவளத்தைக் கொறிக்கும் சத்தம் தண்ணீருக்குள் நன்றாகக் கேட்கும். பவளப் பரப்பில் படர்ந்த பாசிக்காகச் சுண்ணாம்பையும் சேர்த்து அரைத்து விழுங்கி, பின்னால் வெண்மணலாகக் கழிக்கும். பெரிய இனங்களில் ஒரு மீனே ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான கிலோ மணலை உண்டாக்குகிறது. சிறிய நீலக் கோடு போட்ட ஒரு மீன் பெரிய களவா மீனின் வாய்க்குள்ளேயே போய்வருவதைப் பார்த்தால் பதற வேண்டாம். அது துப்புரவு மீன். ஒட்டுண்ணிகளைத் தின்று சுத்தம் செய்கிறது, களவா வாயைத் திறந்துகொண்டு பொறுமையாக நிற்கும். கடல் சாமந்தி என்ற பூப்போன்ற விலங்கின் கொட்டும் இழைகளுக்குள் கோமாளி மீன்கள் குடியிருக்கும். அந்தக் குடும்பத்தில் மிகப் பெரியது பெண். அது இறந்துபோனால் அடுத்த பெரிய ஆண் பெண்ணாக மாறிவிடும்.

திட்டுக்கு அப்பால் கடற்புல் படுகை இருந்தால் அதையும் வெறும் புல் என்று கடந்து போகாதீர்கள். கடல் குதிரையும் பச்சை ஆமையும் அங்கேதான். ஆவுளியா என்று நம் மீனவர்கள் அழைக்கும் கடல் பசுவின் மேய்ச்சல் நிலமும் அதுவே. அதற்காகவே 2022இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் கடலைத் தமிழ்நாடு அரசு காப்பகமாக அறிவித்தது. ஆவுளியாவை நேரில் பார்ப்பது அரிது. அதைத் தேடித் துரத்தும் படகில் ஏற வேண்டாம்.

8. எது கடிக்கும், எது கொட்டும்? குழந்தைகளைக் கூட்டி வரலாமா?

கையை எங்கும் வைக்காதவரை அநேகமாக எதுவும் ஒன்றும் செய்யாது. கல்மீன் கல்லைப் போலவே கிடக்கும், முதுகு முள்ளில் கடும் விஷம். கடல் முள்ளெலியின் முள் காலில் ஏறினால் ஒடிந்து உள்ளே தங்கிவிடும். பாம்புபோல் நீண்ட அஞ்சாலை மீன், தன் பொந்துக்குள் கை விடுகிறவரைத்தான் கடிக்கும். திருக்கை மணலில் புதைந்திருக்கும் என்பதால் கரையோரம் நடக்கும்போது காலைத் தேய்த்துக்கொண்டே நடந்தால் விலகிப்போகும்.

கல்மீன் அல்லது திருக்கை முள் குத்தினால் பொறுக்கும் அளவு சூடான நீரில், 45 டிகிரிக்கு மிகாமல், காயத்தை அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வைத்திருந்தால் வலி தணியும். நீரின் சூட்டைக் குத்துப்படாத ஒருவர் கைவைத்துப் பார்க்கட்டும். மருத்துவமனைக்குப் போவது கட்டாயம். சொறிமீன் பட்ட இடத்தைத் தேய்க்காமல், நன்னீர் ஊற்றாமல், கடல்நீரால் கழுவுங்கள்.

9. நாங்கள் உறைபனியில் வாழ்கிறவர்கள். வெதுவெதுப்பான கடலுக்கு எதற்கு உடல் மூடும் உடை?

காற்றைவிடத் தண்ணீர் ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடல் சூட்டை இழுத்துக்கொள்ளும். 28 டிகிரி நீரிலும் ஒரு மணி நேரத்தில் நடுங்கத் தொடங்கிவிடுவீர்கள். அதைவிட முக்கியமான காரணம் வெயில். பனிமூட்டத்துக்குப் பழகிய தோல் முதுகு மேலாக மிதந்து கிடக்கும்போது கருகிவிடும். முழுக்கைச் சட்டையும் முழுக்கால் உடையும் அணிந்தால் வெயில் களிம்பும் அதிகம் தேவைப்படாது. ஆக்சிபென்சோன் கலந்த களிம்புகள் பவளத்தைப் பாதிக்கின்றன என்பதால் ஹவாய் மாநிலம் 2021 முதல் அவற்றின் விற்பனைக்குத் தடை விதித்திருக்கிறது.

10. காலையில் முக்குளித்துவிட்டு அன்று இரவே கொடைக்கானல் திரும்பிவிடலாமா? மறுநாள் வேலை இருக்கிறது.

காற்று உருளையோடு முக்குளித்திருந்தால் திரும்பக்கூடாது. நீருக்குள் 10 மீட்டரில் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும் காற்றிலிருந்து நைட்ரஜன் கூடுதலாக ரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. மேலே வந்த பிறகு அது மெல்ல மெல்லத்தான் வெளியேறும், பல மணி நேரம் ஆகும். அதற்குள் காற்றழுத்தம் இன்னும் குறைந்த இடத்துக்குப் போனால் கரைந்திருந்த வாயு உடலுக்குள்ளேயே குமிழியாகிறது. மூட்டு வலி, மரத்துப்போதல், தலைசுற்றல், கை கால் வலுவிழப்பு, முற்றினால் பக்கவாதம் வரை போகும்.

முக்குளிப்பவர்கள் உடனே விமானம் ஏறக்கூடாது என்று எல்லாப் பயிற்றுநரும் சொல்வார்கள். மலையேறக்கூடாது என்று சொல்லப் பலருக்கு நினைவு வராது, ஏனென்றால் அவர்களிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் சமவெளிக்காரர்கள். விமானத்துக்குள் காற்றழுத்தம் 2,440 மீட்டர் உயரத்தில் இருப்பதற்குச் சமமான அளவு வரை குறையலாம். கொடைக்கானல் 2,133 மீட்டர். இங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்றே மேல். நம் வீட்டுக்குப் போவதும் விமானம் ஏறுவதும் உடலுக்கு ஏறத்தாழ ஒன்றுதான். ஆகவே விமானத்துக்கான வழிகாட்டுதலையே நாமும் பின்பற்ற வேண்டும்: ஒரே ஒரு முறை முக்குளித்திருந்தால் குறைந்தது 12 மணி நேரம், பல முறையோ பல நாட்களோ முக்குளித்திருந்தால் குறைந்தது 18 மணி நேரம். என்னிடம் கேட்பவர்களுக்கெல்லாம் நான் 24 மணி நேரம் என்றே சொல்கிறேன். ராமநாதபுரத்திலோ மதுரையிலோ தங்குங்கள். மதுரை ஏறத்தாழ 100 மீட்டர் உயரம்தான்.

மூச்சுக்குழலோடு மேற்பரப்பில் மிதந்து பார்த்தவர்கள் சாதாரணக் காற்றைத்தான் சுவாசித்தார்கள். அவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை, அன்றே மலையேறலாம். 4ஆம் கேள்வியில் சொன்ன வசதி இதுதான்.

11. 5 மீட்டர் ஆழம்தானே போனேன்? அதற்குமா காத்திருக்க வேண்டும்?

ஆழம் குறையக் குறைய நைட்ரஜன் சேர்வதும் குறைவு என்பது உண்மை. ஆனால் மேலே சொன்ன 12, 18 மணி நேர வழிகாட்டுதல் ஆழத்தைப் பிரித்துப் பேசவில்லை. ஒரு இரவுத் தங்கலை மிச்சம் பிடிப்பதற்காக அதைக் குறைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

ஆழமில்லாத இடத்தின் உண்மையான ஆபத்து வேறு. காற்று உருளையிலிருந்து சுவாசித்த மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் நுரையீரலுக்குள் காற்று விரிந்து திசுவைக் கிழித்துவிடும். ஒரு மீட்டர் சொச்சம் ஆழத்திலிருந்து எழும்போதே இது நடக்கலாம். மேற்பரப்பை ஒட்டித்தான் காற்று மிக வேகமாக விரிகிறது. கீழே இருக்கும் வரை ஒரு கணமும் மூச்சை அடக்காதீர்கள்.

12. எங்கள் ஊர் தாண்டிக்குடி. கொடைக்கானல் அளவுக்கு உயரம் இல்லையே?

1,000 மீட்டருக்கு மேல் உள்ள எந்த ஊருக்கும் 10ஆம் பதில் அப்படியே பொருந்தும். முக்குளிப்பு அட்டவணைகள் 300 மீட்டரைத் தாண்டினாலே அதை உயரமான இடமாகக் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. பண்ணைக்காடு, பெருமாள்மலை, பூம்பாறை, மன்னவனூர் எல்லாருக்கும் இதே விதி. கொச்சியிலிருந்து மூணாறு வழியாகத் தேனிக்கு வர நினைப்பவர்களும் வழியில் 1,500 மீட்டர் ஏறுகிறார்கள் என்பதை மறக்க வேண்டாம். லட்சத்தீவிலிருந்து கப்பலில் திரும்புகிறவர்களுக்குக் காத்திருப்பில் பெரும்பகுதி கப்பலிலேயே கழிந்துவிடும்.

13. அப்படியானால் மலையிலிருந்து இறங்கிய அன்றே முக்குளிப்பதும் தப்பா?

நைட்ரஜனைப் பொறுத்தவரை தப்பில்லை. மலையில் வாழ்கிறவர் உடலில் அது குறைவாகவே இருக்கும். ஆனால் கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்து, தூக்கம் கெட்டு, தண்ணீர் குடிக்காமல் வந்து இறங்குகிறவர் அன்று முக்குளிக்கும் நிலையில் இருக்க மாட்டார். ஒரு இரவு தூங்கி எழுங்கள்.

14. திரும்பி வரும் வழியில் மூட்டு வலித்தால் மலையேறியதால்தான் என்று எப்படித் தெரியும்?

தெரிந்துகொள்ள முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள். முக்குளித்த பிறகு ஓரிரு நாளுக்குள் காரணம் புரியாத மூட்டு வலி, மரத்துப்போதல், தோலில் திட்டுத்திட்டான தடிப்பு, அசாதாரணக் களைப்பு எது வந்தாலும் நைட்ரஜன் குமிழி என்றே எண்ணி நடவடிக்கை எடுக்க வேண்டும். வண்டியை நிறுத்துங்கள், மேலே ஏறாமல் கீழே திரும்புங்கள். 108ஐ அழைத்து, முக்குளித்தவர் என்பதைச் சொல்லி, ஆக்சிஜன் கேளுங்கள். படுக்க வைத்து, நினைவு தெளிவாக இருந்தால் தண்ணீர் கொடுங்கள். முறையான சிகிச்சை, அழுத்தத்தைக் கூட்டித் தரும் மறு அழுத்த அறையில்தான் நடக்கும். அந்த வசதி உள்ள மருத்துவமனை எது என்று முக்குளிக்கும் முன்பே உங்கள் பயிற்றுநரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வலி தைலத்தைத் தேய்த்துக்கொண்டு தூங்கிவிடுவது மிகப் பெரிய தவறு.

15. கொடைக்கானல் ஏரியிலேயே பழகிப் பார்க்கலாமா?

வேண்டாம். படகுகள் ஓடும், கலங்கிய, குளிர்ந்த ஏரி அது. உயரத்தில் முக்குளிப்பதற்குத் தனிக் கணக்கும் உண்டு. இங்கே 10 மீட்டர் இறங்குவது, கடலில் ஏறத்தாழ 13 மீட்டர் இறங்குவதைப்போல் உடலை வருத்தும்.

16. கரையில் ஒதுங்கிய செத்த பவளத் துண்டுதானே, ஒன்று எடுத்து வந்தால் என்ன?

எடுக்கக்கூடாது. 2001 முதல் சுண்ணாம்புக் கூடு கட்டும் கடினப் பவளங்கள் எல்லாம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. செத்ததற்கும் சட்டம் பொருந்தும். கடல் அட்டை, கடல் குதிரை ஆகியவையும் சட்டப் பாதுகாப்பில் உள்ளவை. கடையில் காசு கொடுத்து வாங்கினாலும் குற்றம் குற்றமே. சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்ததால் அழிந்த திட்டுகள் தூத்துக்குடிப் பக்கம் ஏராளம். பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள்ளேயே மூழ்கிவிட்டன. செத்த துண்டின்மேல்தான் அடுத்த பவளக் குஞ்சு ஒட்டி வளரும்.

17. பவளமெல்லாம் வெளுத்துச் செத்துவிட்டது என்கிறார்கள். இனி போய் எதைப் பார்ப்பது?

கோடையின் வழக்கமான உச்ச வெப்பத்தைவிட ஒரு டிகிரி கூடுதலாகச் சில வாரங்கள் நீடித்தாலே, பவளம் தன் நுண்பாசியை வெளியேற்றிவிட்டு வெளுக்கிறது. வெளுத்தது உடனே சாவதில்லை. நீர் குளிர்ந்தால் பாசி திரும்பலாம். மன்னார் வளைகுடா 2010இலும் 2016இலும் கடுமையாக வெளுத்தது. 2024இல் உலகளாவிய வெளுப்பு அறிவிக்கப்பட்டது. இழப்பு பெரிது, அதை மறைக்க நான் விரும்பவில்லை. ஆனால் தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆய்வு நிறுவனம் உடைந்த பவளத் துண்டுகளை நட்டு வளர்க்கும் வேலையை இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்துவருகிறது. அரிப்பில் கரைந்துகொண்டிருந்த வான் தீவைச் சுற்றிச் செயற்கைத் திட்டுகள் அமைக்கப்பட்டு, அவற்றில் மீனும் பவளமும் குடியேறியிருக்கின்றன. மீண்டு வருவதையும் பார்க்க வேண்டியவர்கள் நாம்.

மலையில் இருக்கும் நமக்கு இதில் பங்கே இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். பழனி மலையில் பிறக்கும் மஞ்சளாறும் வராக நதியும் வைகையில் சேருகின்றன. வைகை பாக் விரிகுடாவை நோக்கிப் போகிறது. சரிவில் அரித்துப்போகும் மண் கடலைக் கலங்கச் செய்தால் நுண்பாசிக்கு வெயில் கிடைக்காது.

18. மூன்று நாள்தான் விடுமுறை. ஸ்கூபாவும் வேண்டும், மூச்சுக்குழலும் வேண்டும். எப்படி அடுக்குவது?

கடல் எந்தப் பக்கம் அமைதியாக இருக்கும் என்று முதலில் பாருங்கள். தென்மேற்குப் பருவக்காற்றின்போது மன்னார் வளைகுடாப் பக்கம் கொந்தளிக்கும், வடகிழக்குப் பருவத்தில் பாக் விரிகுடாப் பக்கம். ஜனவரி முதல் ஏப்ரல் வரை பொதுவாக நல்லது.

முதல் நாள் இறங்கி ஓய்வெடுத்து, நிறையத் தண்ணீர் குடியுங்கள். இரண்டாம் நாள் காலையிலேயே ஸ்கூபாவை முடித்துவிடுங்கள், மதியத்துக்குத் தள்ளாதீர்கள். மேலே வரும்போது நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேகம் வேண்டாம். 5 மீட்டரில் 3 நிமிடம் நின்று வாருங்கள். மூன்றாம் நாள் காலை மூச்சுக்குழலோடு மேற்பரப்பில் மட்டும் மிதந்து பாருங்கள். மதிய உணவுக்குப் பிறகு கிளம்பினால் மதுரை தாண்டி வத்தலக்குண்டு வருவதற்குள் 24 மணி நேரம் கடந்திருக்கும். அங்கே ஒரு தேநீர் குடித்து, உடன் வந்த ஒவ்வொருவரிடமும் வலி, மரத்துப்போதல் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுவிட்டு மலையேறுங்கள்.